பூத்துக் குலுங்கும் பகை

அழகுக்காக வந்த உண்ணிச்செடி தில்லிக் குன்றுகளிலிருந்து நீலகிரி வரை வளைத்துப்போட்டுவிட்டது. நர்சரியில் இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை.

தெற்குத் தில்லியில் வாசலிலோ மாடியிலோ நாலு தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு நர்சரிக்காரர் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும் செடிகளில் ஒன்று லேண்டானா. அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் அத்தனையும் நிஜம். ஜூன் மாதத்து 45 டிகிரி வெயிலுக்கு அது அசையாது. இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. உரம் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. கடுங்குளிர் வாரங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் பூக்கும். பூவைத் தேடி வண்ணத்துப்பூச்சி வரும். பூ உதிர்ந்ததும் பச்சை மணிகளாகக் காய் பிடித்து, கருநீலமாகப் பழுக்கும். பழத்தைத் தேடிக் கொண்டைக்குருவி வரும். ஒரு செடியிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?

முனிர்காவிலும் அடுத்துள்ள ராமகிருஷ்ணபுரத்திலும் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது புதிய செடி அல்ல. ஊரில் அதற்கு உண்ணிச்செடி என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வேலியோரம் நின்று, முள் கீறுவதைப் பொருட்படுத்தாமல், பழுத்த மணிகளைப் பறித்துத் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. இலையைக் கசக்கினால் வரும் நெடியை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள். தெருவோரத்தில் சும்மா முளைத்துக் கிடந்த உண்ணிச்செடி, தலைநகரில் இங்கிலீஷ் பெயரோடு தொட்டியில் ஏறி விலைக்கு வருவது அவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

வேடிக்கை அந்தக் கொண்டைக்குருவியோடு முடிந்துவிடுகிறது. பழத்தின் சதை அதன் வயிற்றில் செரிக்கிறது. விதை செரிப்பதில்லை. முனிர்காவின் தொட்டியில் தின்ற பழத்தின் விதையைப் பறவை எங்கே போடும் என்பதைத் தெரிந்துகொள்ள வரைபடத்தை ஒரு முறை பார்த்தால் போதும். முனிர்காவுக்குத் தெற்கே, சாலையைத் தாண்டினால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த வளாகம், உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களில் ஒன்றான ஆராவல்லியின் தில்லிக் கிளை மேல் அமைந்தது. முதல் துணைவேந்தரான ஜி. பார்த்தசாரதியின் பெயரைத் தாங்கிய பாறை அங்கே இருக்கிறது. அந்தப் பாறையின் வயதோடு ஒப்பிட்டால் இமயமலை குழந்தை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு பக்கம் சஞ்சய் வனம். மறுபக்கம், வசந்த் விஹாரை ஒட்டி, சுமார் 690 ஏக்கரில் ஆராவல்லி பல்லுயிர்ப் பூங்கா. ஆக, முனிர்கா மாடித் தோட்டத்திலிருந்து தில்லியில் எஞ்சியிருக்கும் காட்டுக்குக் குருவி பறக்கும் தூரம்தான்.

கல்கத்தாவில் இறங்கிய விருந்தாளி

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் உண்ணிப்பூ இல்லை, இருக்கவும் முடியாது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். 17ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் தோட்டக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து நூற்றுக்கணக்கான வண்ண ரகங்களை உண்டாக்கினார்கள். பிறகு கப்பல் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. இந்தியாவில் அது இறங்கியது 1809 வாக்கில், கல்கத்தா தாவரவியல் பூங்காவில். வந்த வேலை பூங்காவுக்கு அழகு சேர்ப்பதும் பங்களாக்களுக்கு வேலியாக நிற்பதும்.

இந்த ஐரோப்பிய இடைவேளை ஒரு முக்கியமான விஷயம். காட்டிலிருந்து நேராக வந்த செடி என்றால் அதற்கு ஒரே மாதிரியான இயல்பு இருந்திருக்கும். இன்ன குளிர், இன்ன மழை, இன்ன மண் என்று ஒரு வரம்புக்குள் நின்றிருக்கும். தோட்டக்காரர்களின் கைவண்ணத்தில் பல பரம்பரைகள் கலந்து வந்த செடிக்கு அந்த வரம்பு இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தின் குளிரிலும் வளர்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்திலும் வளர்கிறது, ஆராவல்லியின் வறண்ட கல்லிடுக்கிலும் வளர்கிறது. அழகுக்காக மனிதன் செய்த கலப்பு, அதன் வலிமையாகிப்போனது.

அதன் பூவே ஒரு தந்திரக்காரப் பூ. ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக இருப்பதைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அந்த நிறமாற்றத்தின் ரகசியத்தை ஆராய்ந்தவர்கள் தில்லி பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்களான எச்.ஒய். மோகன்ராமும் கீதா மாத்தூரும். 1978லும் 1984லும் வெளியான அவர்களது ஆய்வுகள் சொன்ன விஷயம் இது: மொட்டு விரியும்போது பூ மஞ்சள். அந்த மஞ்சள் இலைப்பேன் எனப்படும் நுண்ணிய பூச்சிகளை இழுக்கிறது. மகரந்தம் சேர்ந்ததும் பூவுக்குள் சிவப்பு நிறமி ஊறத் தொடங்குகிறது. காரியம் முடிந்த பூ நிறம் மாறிக்கொண்டு, பூச்சியை அடுத்த பூவுக்கு அனுப்பிவைக்கிறது. உதிராமல் நிற்கும் சிவப்புப் பூக்கள் தூரத்திலிருந்து பார்க்கிற பூச்சிக்கு விளம்பரப் பலகை. ஒரு துளியும் வீணாக்காத ஏற்பாடு. இப்படிச் சேமித்ததன் பலன் காய்ப்பில் தெரியும். நன்கு வளர்ந்த ஒரு புதர் ஆண்டுக்கு 12,000 பழங்கள் வரை தரும் என்று தாவர நூல்கள் குறிப்பிடுகின்றன.

பழம் வேறு, காய் வேறு

பழத்தைத் தின்னலாமா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. நன்றாகக் கறுத்துக் கனிந்த பழத்தை இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் தின்றிருக்கிறார்கள். பச்சைக் காய்தான் பயத்துக்குரியது. 1960களில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, ஃபுளோரிடாவில் பச்சைக் காயைத் தின்ற குழந்தைகளுக்கு நேர்ந்த நச்சு பாதிப்பைப் பதிவு செய்தது. அதில் ஒரு மரணமும் அடக்கம். 2010ல் கலிபோர்னியாவின் நச்சுத் தகவல் மையப் பதிவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள், பழத்தைத் தின்ற குழந்தைகள் பெரும்பாலோருக்குப் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு எளிது. எது பழம், எது காய் என்று தெரியாத வயதுக் குழந்தை உள்ள வீட்டில், கைக்கெட்டும் உயரத்தில் இந்தத் தொட்டி வேண்டாம்.

கால்நடை விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. இலையில் உள்ள லேண்டடீன் என்ற நச்சு ஈரலைத் தாக்குகிறது. பித்தம் வெளியேற வழியில்லாமல் மஞ்சள் காமாலை வருகிறது. வெயில் பட்டால் தோல் வெந்து உரிகிறது. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பல ஆண்டுகள் இந்த ஒரு நச்சையே ஆராய்ந்தது என்றால் மலைநாட்டு விவசாயியின் நஷ்டத்தை ஊகிக்கலாம். உள்ளூர் மாடு இந்தச் செடியை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வறட்சியில் வேறு புல் கிடைக்காதபோதும், வேற்றூரிலிருந்து ஓட்டி வரப்பட்ட மந்தைக்குச் செடி பழக்கமில்லாதபோதும்தான் ஆபத்து. ஆடு மாடு தின்னாது என்று நர்சரியில் சொல்லப்படும் சிறப்புக்கு மேய்ச்சல் நிலத்தில் அர்த்தமே வேறு. தின்ன முடியாத ஒன்று, தின்னக்கூடிய எல்லாவற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

பத்தில் நாலு பங்கு

அது பிடித்துக்கொண்ட இடம் எவ்வளவு? டேராடூனில் உள்ள இந்திய வனஉயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி, புலிகள் வாழும் காடுகளில் மட்டும் 1,54,000 சதுர கிமீக்கு மேல் லேண்டானா பரவியிருக்கிறது. அவர்கள் ஆராய்ந்த காட்டுப் பரப்பில் அது பத்தில் நாலு பங்குக்கும் மேல். பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. சிவாலிக் குன்றுகள், துண்டு துண்டாகிப்போன மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆகியவை மிக மோசமாக பாதிக்கப்பட்டவை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு தயாரித்த பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. ஆஸ்திரேலியா 1999ல் தேசிய அளவில் கவனிக்க வேண்டிய 20 களைகளைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இதுவும் ஒன்று.

காட்டில் அது வேலை செய்யும் விதம் ஒரு நிலத் தரகருடையதைப் போன்றது. மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்தில் முதலில் நுழையும். பாதை போட்ட இடம், மாடு மேய்ந்து தேய்ந்த இடம், சுரங்கம் தோண்டி விட்ட இடம் எல்லாம் அதற்கு வாசல். வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் கலக்கும் ரசாயனங்கள் மற்ற விதைகள் முளைப்பதைக் கெடுக்கின்றன. புதர் ஆளுயரம் தாண்டி அடர்ந்ததும் அடியில் புல் செத்துவிடும். புல் போனால் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி போச்சு. மான் நகர்ந்தால் புலியும் நகரும். தீனி தேடும் மிருகம் காட்டின் ஓரத்துக்கு வரும். காட்டின் ஓரத்தில் வயல் இருக்கும், மாட்டுத் தொழுவம் இருக்கும். மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடக்கும் மோதல்களில் இந்த அழகுச் செடிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் சோலிகர்கள். அங்கே 1997லும் 2008லும் ஒரே இடங்களைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்த ஆய்வாளர்கள், லேண்டானா காணப்பட்ட மாதிரி நிலங்களின் விகிதம் 41 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். பதினோரு ஆண்டுகளில் இரட்டிப்பு. காரணம் கேட்டால் சோலிகர்கள் நெருப்பைச் சொல்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில், சருகு இன்னும் முழுதாகக் காயாதபோது, தரையோடு தரையாக ஓடும் சிறு நெருப்பு வைப்பது அவர்கள் வழக்கம். அதில் உண்ணியின் இளங்கன்றுகள் பொசுங்கும், பெரிய மரங்களுக்கு ஆபத்து வராது. 1974ல் அந்த மலை சரணாலயமானது. நெருப்பு வைப்பது குற்றமாயிற்று. புதர் வளர்ந்தது. இப்போது பழைய வழக்கத்துக்குத் திரும்புவதும் சுலபமில்லை. ஆளுயரப் புதர் காய்ந்து நிற்கும் காட்டில் வைக்கும் சிறு நெருப்பு, அந்தப் புதரையே ஏணியாக்கி மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும்.

பூச்சியால் ஆகவில்லை

மனிதன் சும்மா இருக்கவில்லை. ஹவாய்த் தீவுகளுக்கும் இந்தச் செடி தோட்ட அழகுக்காகத்தான் போனது. அங்கே அது மேய்ச்சல் நிலங்களை விழுங்கியதும், 1902ல் ஆல்பர்ட் கோபெலே என்ற பூச்சியியலாளர் மெக்சிகோவுக்குப் போய் இந்தச் செடியைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து அனுப்பினார். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகில் அது முன்னோடி முயற்சி. இந்தியாவும் அதே வழியில் முயன்றது. 1921ல் பழத்துக்குள் முட்டையிடும் ஒரு ஈ வந்தது. 1941ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலையை உறிஞ்சும் டெலியோனீமியா என்ற பூச்சி டேராடூனுக்கு வந்தது. சோதனையில் அது தேக்குப் பூவையும் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்ததும் வளர்த்த பூச்சிகளை அழித்தார்கள். பிறகு எப்படியோ வெளியேறிய பூச்சி நாட்டில் பரவிவிட்டது. தேக்குக்குப் பெரிய ஆபத்து வரவில்லை, உண்ணிக்கும் வரவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து செத்ததுபோல் நிற்கும் செடி, மழை வந்ததும் துளிர்த்துக்கொள்கிறது.

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை வெடிக்கும். எரித்தாலும் துளிர்க்கும். களைக்கொல்லி அடித்தால் காட்டு ஓடைக்கும் சேர்த்து அடித்ததாகும். இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளின் இரண்டு நூற்றாண்டு அனுபவத்தையும் தொகுத்து 2012ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே தோற்றுப்போன போரா என்று கேட்கிறது. இந்தச் செடியை அடியோடு ஒழிக்கும் கனவை விட்டுவிட்டு, இருப்பதைச் சமாளிக்கும் வழியைப் பார்க்கலாம் என்பது அதன் வாதம்.

அந்த வாதத்துக்குத் தில்லியிலிருந்து ஒரு பதில் வந்தது. தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவரது குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை அது. 2009ல் வெளியான அவர்களது கட்டுரை விவரிக்கும் வேலைக்கு எந்திரம் வேண்டாம், மருந்து வேண்டாம். செடியின் உயிர் மண்ணுக்கு மேலே இல்லை. தரைக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கிறது. துளிர் எல்லாம் வெடிப்பது அங்கிருந்துதான். அதற்குக் கீழே ஆணிவேரை வெட்டிவிட்டு, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்து சாகும். மண்ணும் அதிகம் கிளறப்படுவதில்லை.

கேட்க எளிதான இந்த வேலையில் பாதிதான் வெட்டுவது. மீதிப் பாதி திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. பறவைகள் உட்காரும் மரங்களின் அடியிலும் மழைநீர் ஓடும் வாய்க்கால் ஓரங்களிலும் விதைகள் குவிந்து கிடக்கும். அங்கே முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெறும் தரையை விட்டுவைக்காமல் உள்ளூர்ப் புல் விதைக்க வேண்டும். புல் மூடிய இடத்தில் உண்ணி தலைகாட்டுவது கடினம். இரண்டு மூன்று மழைக்காலம் பொறுத்தால் மான்கள் வருகின்றன என்பது கார்பெட் அனுபவம்.

முனிர்காவுக்குப் பக்கத்தில் அந்த அனுபவத்தைப் பார்க்கலாம். ஆராவல்லி பல்லுயிர்ப் பூங்கா இருக்கும் இடம் ஒரு காலத்தில் கல்லும் மண்ணும் தோண்டிய சுரங்கப் பள்ளம். சுரங்கம் நின்ற பிறகு அதை ஆண்டவை விலாயதி கீக்கரும் லேண்டானாவும். விலாயதி கீக்கர் என்பது வேறு ஒன்றுமில்லை, ராமநாதபுரத்துக்காரர்கள் நித்தம் திட்டும் சீமைக்கருவேலம்தான். மேலே அது, கீழே இது என்று இரண்டு அமெரிக்கர்களும் மாடியும் தரையுமாகக் குடியிருந்தார்கள். தில்லி வளர்ச்சி ஆணையமும் பேராசிரியர் பாபு வழிநடத்திய தில்லி பல்கலைக்கழக மையமும் சேர்ந்து, அந்த இடத்தில் ஆராவல்லிக்கே உரிய மரம், புதர், புல் வகைகளைத் திரும்பக் கொண்டுவந்தன. பலாசு பூக்கிறது. பள்ளங்களில் பெரணி வளர்கிறது. வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆட்கள் குனிந்து நிமிர்ந்து, கன்று கன்றாகப் பிடுங்கி மீட்ட நிலம் அது. அதன் மேல்தான் சுற்றுவட்டார மொட்டைமாடிகளின் குருவிகள் நாள்தோறும் விதை தூவுகின்றன.

யானையான களை

தெற்கே இதற்கு வேறொரு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலை மாதேஸ்வரன் மலையில் மூங்கிலும் பிரம்பும் முடைந்து பிழைத்தவர்களுக்கு அவை கிடைப்பது அரிதாயிற்று. வேண்டிய மட்டும் கிடைத்தது உண்ணிக் குச்சிதான். அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையான ஏட்ரீ இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பயிற்சி கொடுத்தது. குச்சியை வேகவைத்துத் தோல் உரித்தால் பிரம்புபோல் வளைகிறது. கரையானும் எளிதில் அரிப்பதில்லை. நாற்காலி, மேஜை, கூடை என்று பிரம்புக்குப் பதிலாக அது நிற்கிறது.

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் அதே குச்சி யானை ஆகியிருக்கிறது. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் சமூகத்துக் கைவினைஞர்கள் நிஜ யானையின் அளவிலேயே முடைந்த யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024ல் நூறு யானைகள் கொண்ட மந்தை அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கி நியூயார்க் தெருவுக்குப் போனது. தங்கள் காட்டை அடைத்துக்கொண்டிருந்த செடியை விற்று அந்த மக்கள் கூலி பெறுகிறார்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த முயற்சியின் முன்னணியில் இருக்கும் தார்ஷ் தேக்கேகரா, தோற்றுப்போன போரா என்று கேட்ட அந்த 2012 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ஒழிக்க முடியாததை உபயோகித்துப் பார்க்கலாம் என்பது அதன் தொடர்ச்சி.

ஆனால் கணக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு யானைக்கு எத்தனை புதர் போனாலும் 1,54,000 சதுர கிமீக்கு அது உறைபோடக் காணாது. குச்சியை மட்டும் வெட்டி வேரை விட்டால் அடுத்த மழையில் குச்சி திரும்ப வரும். முடைகிறவருக்கு அது லாபம், காட்டுக்கு அல்ல. களையை நம்பிய தொழில் பெருகினால், களை தீர்ந்துவிடக் கூடாது என்ற ஆசையும் கூடவே பெருகும். இந்தக் கேள்வியைத் தமிழக அரசும் சந்திக்க வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து கொடுத்த நெருக்குதலின் நடுவே 2022ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்று அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலைப் பகுதியில் பரவிய மஞ்சள்கொன்றை மரங்களை வெட்டி எடுத்துப்போகும் வேலை தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குப் போனது. அந்த மஞ்சள்கொன்றையும் ஒரு காலத்தில் பூவுக்காகவும் நிழலுக்காகவும் அன்போடு நடப்பட்டதுதான்.

தொட்டியில் என்ன வைப்பது?

2022ல் திருத்தப்பட்ட வனஉயிர் பாதுகாப்புச் சட்டம், அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, வியாபாரம், வளர்ப்பு ஆகியவற்றை முறைப்படுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது. தொட்டி நர்சரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் செடி வாங்குகிறவர்.

ஒரு தொட்டியால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவர் கேட்பது நியாயமே. குன்றுகளில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான செடிகளுக்கு முன்னால் அவரது ஒரு செடி தூசு. ஏற்கெனவே புதர் மண்டிய இடத்தில் இன்னொரு விதை விழுவதால் ஒன்றும் கெட்டுவிடப் போவதில்லைதான். கஷ்டப்பட்டு மீட்ட நூறு ஏக்கரில் விழும் விதைக்குக் கணக்கு வேறு. அதைப் பிடுங்க ஒரு ஆள் குனிய வேண்டும். தில்லியில் மீட்கப்பட்ட காடு எல்லாம் வீடுகளால் சூழப்பட்டது. அதனால்தான் முனிர்காவின் தொட்டி, கார்பெட்டிலிருந்து நூறு மைலில் உள்ள ஒரு தொட்டியைவிட அதிகப் பொறுப்புள்ளது.

ஏற்கெனவே வைத்திருப்பவர் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பூக்கொத்து வாடியதும், காய் பச்சையாக இருக்கும்போதே, கொத்தோடு நறுக்கிக் குப்பையில் சேர்த்தால் போதும். பழுக்கவிடாமல் வைத்தால் தொட்டி தொட்டியாகவே இருக்கும்; நறுக்க நறுக்கப் பூப்பதும் கூடும். கவாத்து செய்த கிளைகளை மட்டும் பூங்கா ஓரத்திலோ குன்றின் சரிவிலோ வீசக் கூடாது. ஈர மண் பட்டால் போத்து வேர்விடும். வெட்டும்போது கையுறை அவசியம். சிலருக்குத் தோல் அரிக்கும். படர்ந்து வளரும் ஊதாப்பூ ரகம் சாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அதுவும் களைதான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் விதை பிடிக்காத ரகங்களை உருவாக்கி விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். சாலையோரத் தொட்டியில் ரகத்தின் பெயரே இருக்காது என்பதால் நம்மூரில் வாங்குகிறவருக்கு அது உதவாது. காய்க்கிறதா என்று பார்ப்பது ஒன்றே சோதனை.

புதிதாக வைக்கப்போகிறவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தின்னவும் வேண்டும், வேலியும் வேண்டும், வெயிலும் தாங்க வேண்டும் என்றால் களா. தில்லியில் கரோந்தா என்று கேட்டால் எந்த நர்சரியிலும் தருவார்கள். மல்லிகையை நினைவூட்டும் வெள்ளைப் பூ, கூரிய முள், மழைக்காலத்தில் காய். ஊறுகாய்க்குக் காயும் வாய்க்குப் பழமும் ஆகும். யாழின் கரிய தண்டுக்குப் புறநானூறு உவமை சொன்ன பழம் அது என்பதால் தமிழனுக்கு இரட்டைச் சொந்தம். கொஞ்சம் தரை இருந்தால் ஃபால்சா வைக்கலாம். மே மாதத்துத் தில்லியில் தள்ளுவண்டிகளில் விற்கும் புளிப்புப் பழம். குளிர்காலத்தில் ஒட்ட வெட்டிவிட்டால் வசந்தத்தில் துளிர்த்துக் காய்க்கும். பூச்சிக்கும் இருமலுக்கும் ஆடாதோடை இருக்கிறது. ஆராவல்லிக் குன்றில் இயல்பாக வளர்வது, ஆடும் தொடாதது. களா, ஃபால்சா விதைகளையும் கொண்டைக்குருவி கொண்டுபோகும். போகட்டும். குன்றுக்கு அது வரவு.

புதரின் ஆணிவேரை வெட்ட மழைக்கு முந்தைய மாதங்கள்தான் தோது என்கிறார்கள் கார்பெட்டில் வேலை செய்தவர்கள். தொட்டியில் காய்த்த கொத்தை நறுக்க எந்த மாதமும் ஆகும். ஒரு கத்தரிக்கோலும் இரண்டு நிமிடமும் போதும்.